மைமூனின் வளையல்களுக்கு வாடகை

3 நவம்பர் 1981, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சமையற்கட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஓடு மாற்ற ஆள் சொல்ல வேண்டும்.

பின் தெருவில் திருட்டு. அரிசிப் பானைக்குள் கைவிட்டுச் சங்கிலியை எடுத்துப் போயிருக்கிறான். எங்கள் நகையும் அரிசிப் பானையில்தான். ஊரே அங்கேதான் ஒளிக்கிறது, திருடனுக்கு மட்டும் தெரியாதா?

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றபோது கொடுத்த பணம் முழுவதுக்கும் மைமூனுக்கு வளையல் வாங்கி வைத்தேன். எட்டு வளையல். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பென்ஷன் இல்லை. கடைசிக் காலத்துக்கு அதுதான். என் பயத்தைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

5 நவம்பர், வியாழன்

பொன்னேரி போனேன். பஸ் திருப்பாலைவனத்திலேயே படுத்துவிட்டது. அடுத்தது வரும்வரை நனைந்தேன்.

பாங்க் லாக்கர்: வருஷ வாடகை நாற்பது ரூபாய். டெபாசிட் போட்டால்தான் தருவார்களாம். இப்போதைக்குக் காலி இல்லை, பெயர் எழுதிக்கொண்டார்கள். போய்ப் பார்க்கும்போதெல்லாம் பஸ் செலவு தனி.

மீஞ்சூர் சேட்டு: சும்மா கொஞ்சம் பணத்துக்கு அடகு வைத்தால் போதும். நகை அவன் இரும்புப் பெட்டியில் பத்திரம். வட்டிதான் காவல் கூலி. லாக்கரைவிட மலிவு. பாதி ஊர் அப்படித்தான் வைக்கிறது.

மைமூனிடம் சொன்னேன். "வட்டி கட்டி வெச்ச நகையை நான் தொட மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். அவள் தம்பி ஜப்பாரின் இறால் கடையில் பெரிய இரும்புப் பெட்டி இருக்கிறதாம். அமானத்தாக, நம்பி ஒப்படைக்கும் பொருளாக, கொடுத்து வைத்தால் ஒரு பைசா ஆகாதாம்.

6, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜப்பாரிடம் கொடுத்தோம். பச்சைக் கைக்குட்டையில் கட்டி. எடை போடவில்லை. சீட்டும் கேட்கவில்லை. மச்சினனிடம் சீட்டு கேட்டால் அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

மூன்றில் இதுதான் மலிவு. இன்றைக்காவது தூக்கம் வர வேண்டும்.

10, செவ்வாய்

மழை விடவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர், இறால் ஏற்றும் லாரி வரவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. மைமூனுக்கு இருமல்.

டீக்கடையில் தோணிரேவுக்காரர் இருவர் பேசியது காதில் விழுந்தது. "ஜப்பார் பாய் இறால் லோடு மொத்தமும் நாறிப்போச்சு. இன்னா பண்ணுவாரு, ரெண்டு ஊரு வலைக்காரங்களுக்குக் காசு தரணும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். மைமூனிடம் சொல்லவில்லை.

12, வியாழன்

ஜப்பார் கடைக்குப் போனேன். ஒரு கதவு சாத்தியிருந்தது. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையல் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவனைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால்? நாற்பது ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாங்க் என்றால் சாவியாவது என் இடுப்பில் இருந்திருக்கும்.

இந்த வயதில் யார் வீட்டுத் தயவில் போய் நிற்பது? பயமாக இருக்கிறது. மைமூன் இருமும்போதெல்லாம் இன்னும் பயமாக இருக்கிறது.

14, சனி

மாலையில் மழை கொஞ்சம் விட்டது. சர்க்கரை வாங்க மறந்தேன்.

ஜப்பார் வந்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து பச்சைக் கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தான்.

"எடுத்துக்கோங்க மச்சான். சேட்டுகிட்ட வெச்சிடலாம்னு ரெண்டு வாட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எடுத்துகினு போயிட்டேன். மூணாவது வாட்டி போனா திரும்ப மாட்டேன்."

மைமூன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் இறங்கிப் போய்விட்டான். எட்டும் இருந்தன.

மறுபடி அரிசிப் பானைதான். லாக்கர் எப்போது காலியாகுமோ. ஆனால் பானையில் வைக்க மைமூன் எழுந்திருக்கவில்லை. வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "நாலை அவன் கையில குடுத்துட்டு வரட்டுமாங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.