ஏழாம் பக்க எண் புதிரை எளிதாக்கிவிட்டுக் ‘கடினம்’ என்று அச்சிடுவது பற்றி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
பணிமனைக் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
வாசகர் குறைதீர்ப்பு அலுவலர்,
நாளிதழ் அலுவலகம்.

பொருள்: எண் புதிர் எளிதாக்கப்பட்டது – ‘கடினம்’ என்ற தலைப்பு மாற்றப்படாதது – அதனால் என் மனைவிக்கு நேர்ந்தது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நாளிதழை இருபத்தாறு ஆண்டுகளாக வாங்கி வருகிறோம். நான் வாசிப்பது விளையாட்டுப் பக்கம் மட்டும். ஏழாம் பக்கத்துச் சுடோகு என் மனைவிக்குரியது. அவர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடும் பிரிவில் இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அவர் போட்ட அட்டவணைப்படி வண்டி ஓட்டியவன் நான், வீட்டிலும் அப்படித்தான்.

2. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மறதி நோய் தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். அன்று முதல், புதிரை முடிக்க ஆன நிமிடங்களைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறிக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, “டாக்டர் சொல்லித்தான் தெரியணுமா? நானே பாத்துக்கறேன்” என்றார். இருபத்தைந்து நிமிடம் நாற்பதாயிற்று, நாற்பது எழுபதாயிற்று. சென்ற செப்டம்பரில் பல நாள் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டார்.

3. அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலை பதினான்கு நிமிடத்தில் முடித்தார். மறுநாள் பன்னிரண்டு. தாளைத் தூக்கிக்கொண்டு வந்து குளியலறைக் கதவைத் தட்டினார். முகத்தில் சோப்பு நுரையோடு நின்று கேட்டேன். மகளுக்கு போன் போட்டு இருவரும் மாறி மாறிச் சொன்னோம். நவம்பரில் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. “நல்லாயிட்டு வர்றேன், அங்க போயி எதுக்கு உக்காரணும்?” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான்தான் பொறுப்பு. அதைத் தங்கள் மீது சுமத்தவில்லை.

4. ஜனவரியில், இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் தையல்கடைக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்றார். அனுப்பினேன். நான்கு மணி நேரம் கழித்து, என்னைத் தெரிந்த அந்த வண்டியின் நடத்துநர் போனில் அழைத்தார். வண்டி மூன்று நடை போய்வந்தும் அம்மா இறங்கவில்லை, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டால் மடியிலிருக்கும் துணிப்பையைக் காட்டுகிறார் என்றார். அந்தத் தடத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்தவரே அவர்தான்.

5. மறுநாள் காலை அவர் எழுந்திருக்கும் முன் ஏழாம் பக்கத்தை எடுத்தேன். கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவன் நான். வாழ்நாளில் ஒரு புதிரும் முடித்ததில்லை. அன்று ஒன்பது நிமிடத்தில் முடித்தேன். பழைய தாள்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். எண்பத்தொரு கட்டத்தில் முன்பு இருபத்து நான்கு எண்கள் தந்திருந்தீர்கள். அக்டோபர் முதல் நாற்பத்திரண்டு. தலைப்பு மட்டும் அதே ‘கடினம்’.

தாளை ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. எழுந்து வந்தவர் என் கையெழுத்தைப் பார்த்தார். “நீங்களா முடிச்சீங்க?” என்றார். ஆமாம் என்றேன். கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு, “அப்ப நான் தேறலை” என்றார். பென்சிலை என் பக்கம் நகர்த்திவிட்டு முகம் கழுவப் போனார்.

6. தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண் கனிவாகவே சொன்னார்: “கஷ்டமா இருக்குன்னு நிறைய பேர் சொன்னாங்க சார். முடிச்சா எல்லாருக்கும் ஒரு சந்தோஷம்தானே?” உண்மைதான் ஐயா. எங்களுக்கும் மூன்று மாதம் கிடைத்தது.

7. எளிய புதிர் வேண்டுவோருக்கு ‘எளிது’ என்றே தலைப்பிட்டுத் தாருங்கள். பழைய கடினப் புதிரையும் மறுபடி வெளியிடுங்கள். இம்மனுவை எழுதச் சொன்னவர் என் மனைவி. “முடியலைன்னா கட்டத்தைக் காலியா விட்டுட்டுப் போறேன். பொய்யா ஜெயிக்க வேண்டாம்” என்கிறார்.

தாமதமின்றி ஆவன செய்ய வேண்டுகிறேன். இப்போதைக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. எட்டும் ஒன்பதும் சில காலைகளில் இடம் மாறிவிடுகின்றன.

நாள்: மார்ச் 14, செவ்வாய்க்கிழமை
இடம்: வீடு

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஏழாம் பக்க வாசகியின் கணவர்