மணல் மூட்டைக்குப் பதிலாக

வாசுகி, இறைவன் திருவடி நிழலில் இளைப்பாறும் என் தங்கையே,

நேற்று மியூனிக்கிற்குத் தெற்கே மலைச்சரிவில் உன் ஸ்கீகளைச் சோதித்தார்கள். பனி வண்டியின் முன்னே பொருத்தும் சறுக்குப் பலகைகள், நீ வரைந்து முடித்தும் ஓட்டிப் பார்க்காமல் போன அந்த இணை. மீட்புக் குழுவின் பனி வண்டி, நோயாளியைச் சுமக்கும் சறுக்குப் படுக்கையைப் பின்னே இழுத்தபடி, உறைந்த வளைவில் வழுக்காமல் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பழைய ஸ்கீகளே தொடரும்.

பழையவற்றின் அடியில் ஒற்றை முகடு, ஆழமாக. பனியைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் முன்பு போன வண்டியின் தடத்தில் விழுந்தால் வெளியே வராது. நீ இரண்டு முகடுகள் வைத்தாய், ஆழம் குறைத்து, இடைவெளி விட்டு. பழம்பாடல்களில் ஈரமண்ணைப் பிளந்து விரையும் தேரின் வேகத்தையே வியந்து வந்தவன் நான். அது எப்படித் திரும்பியிருக்கும் என்று எண்ண வைத்தவள் நீ.

“உங்கட புலவர்மார் வளைவே காணேல்லையோ அண்ணை?” என்று சிரித்தாயே.

நோயாளிக்குப் பதிலாகப் படுக்கையில் மணல் மூட்டை கட்டப் போனார்கள். நான் தடுத்து, நானே படுக்கிறேன் என்றேன். “மூட்டை பயப்பிடாது அண்ணை. மனிசர் வளைவிலை பயந்து மற்றப் பக்கம் சாய்வினம், படுக்கை வண்டியை இழுக்கும்” என்பாய். முந்தைய ஸ்கீகளின் சோதனைகளில் நீயேதான் படுத்தாய். எந்தப் பொறியாளர் தம் கணக்கின் மேல் தாமே படுப்பார்?

ஓட்டுநர் கரின் என் இதயத்தைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தார். உன் மகள் துளசி சம்மதிக்கவில்லை.

“மாமா, உங்களுக்கென்ன விசரோ? இடுப்பு உடைஞ்சா ஆர் பாக்கிறது?”

“அம்மா படுத்த இடம். கட்டு பிள்ளை.”

“ஹெல்மெட்டுக்கு மேலை திருநீறு பூச ஏலாது. இப்பவே பூசுங்கோ” என்று சொல்லிப் பட்டியை இறுக்கினாள்.

ஐந்தெழுத்தை ஓதத் தொடங்கினேன். வளைவு வந்ததும் ஓதல் நின்றது. உடல், நீ சொன்னபடியே, மறுபக்கம் சாய்ந்தது. படுக்கை வெட்டி இழுத்தது. முன்னே ஸ்கீகள் பனியைச் சீவும் ஓசை கேட்டது. வண்டி வழுக்கவில்லை, வாசுகி. திரும்பியது.

கரின் இறங்கி வந்து, பழைய தடத்தைக் கடந்ததே கைப்பிடியில் தெரியவில்லை என்றார். இந்த இணையைக் கழற்ற வேண்டாம் என்று குழுவிடம் சொன்னார். துளசி அழுதாள். பட்டியை அவிழ்க்கும் முன், வளைவில் நின்றுபோன ஐந்தெழுத்தை நான் ஓதி முடித்தேன்.

அடுத்து, ஆழமான புதுப்பனியில் ஒரு சோதனை இருக்கிறது. அதிலும் நானே படுப்பேன். துணிச்சலாக அல்ல, உன் சோதனைக்கு வேண்டியவாறு, நன்றாகப் பயந்து.

உன் மூத்த அண்ணை