ஆங்கிலத்துக்கு மாறிய கூட்டம்

நவம்பர், சனிக்கிழமை, ஸ்காபரோ, கனடா

பிள்ளைகளின் பிரெஞ்சுப் பள்ளியில் இன்று பெற்றோர் கூட்டம். நான் பாரிசில் வளர்ந்தவள். கணவருக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் வந்தார். ஏன்தான் வருகிறாரோ என்று மனதுக்குள் புறுபுறுத்தேன். பிரெஞ்சு தெரியாத ஒருவர் இருந்தால் போதும், மரியாதைக்காக முழு அறையும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

இன்றும் மாறியது. கொங்கோவிலிருந்து புதிதாக வந்த ஒரு தாய், அதுவரை பிரெஞ்சில் உற்சாகமாகக் கதைத்தவள், ஆங்கிலம் விளங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். இனி வரமாட்டாள் போலிருந்தது. நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. இவர்தான் என் காதுக்குள் சொன்னார்.

"அந்த மனுசி பாவம். என்னாலதானே மாறினவை? பிரெஞ்சிலயே கதைக்கச் சொல்லும். எனக்குப் பிறகு காரில சொன்னால் காணும்."

சொன்னேன். கூட்டம் பிரெஞ்சுக்குத் திரும்பியது. பிறகு அவள் நெடுநேரம் கதைத்தாள். மகன் வீட்டில் பிரெஞ்சில் பதில் சொல்வதில்லையாம். வெளியில் தாய் வாய் திறந்தாலே வெட்கப்படுகிறானாம். இவர் ஒன்றும் விளங்காமலே கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது அவள் என்னிடம் கேட்டாள், அவ்வளவு கவனமாகக் கேட்ட அந்த மனிதர் யார் என்று.

"என்ர மனுசன்."

என்னையறியாமல் தமிழில் வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியது.