ஆறு பிறக்கும் சேறு

மார்ச் 3
பெரிய பேரன் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் ஆகிவிட்டான். சின்னவன் கணக்கில் நூற்றுக்கு நூறு. எல்லாருக்கும் மேல் பேத்தி. நம் ஆறு எங்கே பிறக்கிறது என்று அளந்து எழுத அரசாங்கமே அவளை மலைக்கு அனுப்பியிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி! தெருவில் சொல்லாத வீடு பாக்கி இல்லை.

மார்ச் 9
எதிர்வீட்டுத் தையல்காரி கேட்டாள்: "ஆறு அருவியில பிறக்குதுன்னு பாடப்புத்தகத்துலயே போட்டிருக்கே. இதுக்குப் போய் ஒரு ஆபீசரா?" வாயை மூடிக்கொண்டேன். என் துணி அவளிடம் தைக்கக் கிடக்கிறது.

மார்ச் 17
பேத்தி போனில் பேசினாள். "பாட்டி, அருவி இப்போ வெறும் பாறை. சொட்டுத் தண்ணி இல்ல. பக்கத்துச் சரிவுல புல்லும் சேறுமா ஒரு இடம். அதுலேர்ந்து கசியறதுதான் கீழ வந்து ஆறா ஓடுது."
அந்தச் சேற்றில் மண் கொட்டி நிரவி, அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். சேறுதான் ஆறு பிறக்கும் இடம் என்று இவள் எழுதினால் கட்ட முடியாது. அருவி என்றே எழுதச் சொல்கிறாராம் மேலதிகாரி.
"அவர் சொல்றபடியே எழுதிக் குடுத்துட்டு வாடி. வேலைதான் முக்கியம்."
என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 18
நான் சொன்னது தப்பா? வேலை போய்விட்டால்?

மார்ச் 22
ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையில்தான் மகனுக்கு வேலை. அந்தச் சேறு போனால் நமக்கென்ன என்று சாப்பிடும்போது கேட்டேன்.
"கோடையில நமக்கு வர்றதே அந்தத் தண்ணிதாம்மா. அது நின்னா நான் மோட்டாரைப் போட்டுக் காத்தைத்தான் ஏத்தணும்."
கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அந்தத் தையல்காரி — எல்லாரும் இதைத்தான் குடிக்கிறோம். பேத்திக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2
சேறுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். என் பேச்சைக் கேட்கவில்லை. நல்லவேளை.

ஜூன் 11
வண்டி நிறுத்துமிடம் கிடையாது என்று உத்தரவாகிவிட்டது. பேத்தியையும் மலையிலிருந்து இறக்கி, பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டையும் தையல்காரியிடம் நானே போய்ச் சொன்னேன்.
"போயும் போயும் சேத்துக்காகவா?"
"ஆமா, உன் குழாயில வர்ற சேறு."
பேத்திக்குக் கடிதம் போட்டாயிற்று. பட்டம் வாங்கிய படத்தைத் தெரு முழுக்கப் பார்த்தாகிவிட்டது. மலையில் இருந்தபோது அந்தச் சேற்றில் நின்று எடுத்த படம் ஒன்று தபாலில் அனுப்பு, முழங்கால் வரை தெரியட்டும் என்று.