மருந்தடிக்க வந்தவரும் முசுறுக் கூடும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உன் கோபமும் குறையாமல் நலமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய மருந்தடிப்பவர் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். தோட்டத்தில் பூச்சி இருக்கும்வரை குழந்தையைக் கூட்டிவர முடியாது என்று மருமகள் சொன்னாளாம். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னோடு குடியிருப்பவை அந்தப் பூச்சிகள்தான். என் பின்சுவரைத் தாண்டினால் காடு. அவை வரத்தான் செய்யும்.

அந்த மனிதர், "பூச்சின்னா எல்லாம் பூச்சிதான் பெரியவரே, ஒரே அடியில முடிச்சிடலாம்" என்றார். கொய்யாமரத்தில் வழியை மறித்த காய்ந்த குச்சியை ஒடிக்கப் போனார். குச்சி காலெடுத்து நடந்தது. அலறிப் பின்வாங்கியவர், முசுறு எறும்புக் கூட்டில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு சட்டையை உதறியபடி அவர் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்றார். "அதான் எனக்கும் வேணும்" என்றேன்.

எல்லாம் ஒன்றா? குச்சிப்பூச்சி தனிக்கட்டை. காற்றடித்தால் இலையோடு தானும் ஆடும், வம்புக்குப் போகாது. முட்டையை விதைபோல மேலிருந்தே உதிர்த்துவிடும். பொரிந்ததா என்று குனிந்துகூடப் பார்க்காது. முசுறு அப்படியில்லை. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாக நின்று இலைகளை இழுத்துச் சேர்க்கும். ஆனால் தைக்கும் நூல் பெரியவற்றிடம் கிடையாது. புழுவாக இருக்கும் குழந்தைகளிடம்தான் இருக்கிறது. குழந்தையை வாயில் தூக்கி, இலைக்கு இலை ஒற்றித்தான் தைக்கும். குழந்தை இல்லையென்றால் அங்கே வீடே இல்லை.

யாரைச் சொல்கிறேன் என்று யோசிக்காதே. பூச்சியைத்தான் சொல்கிறேன்.

"பூச்சியா பேத்தியா, ஒண்ணு சொல்லுங்கப்பா" என்று போனில் கேட்டாய். சொல்லமாட்டேன். பெற்ற அப்பனிடம் கேட்கிற கேள்வியா அது? நீ யாரை அனுப்பினாலும் சரி, ஒரு சொட்டு மருந்து இங்கே விழாது.

பேத்தி நடக்கிறாளாமே. நான் இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை. கூட்டிக்கொண்டு வா. கடித்துவிடும் என்று மருமகளுக்குப் பயமென்றால், இங்கே இருக்கிறவரை பேத்தியைத் தரையில் விடமாட்டேன், தோளிலேயே வைத்திருப்பேன். இதை நான் இறங்கி வந்ததாக எடுத்துக்கொள்ளாதே. என் தோளில் இன்னும் பலம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மூவரும் நீடூழி வாழ்க.

பிடிவாதத்தை உனக்கும் கொடுத்த,
அப்பா