மடியிலிருந்து இறக்காத பை

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வார்டில் நான் யாரோ எவரோ மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போனேன் என்று கோபித்துக்கொண்டாய். கோபம் நியாயம்தான்.

அத்தானின் பேச்சு காதிலேயே நிற்கிறது. விலாவில் குழாயோடு படுத்திருந்தும் கேலியை விடவில்லை. "நுரையீரல்ல ஓட்டையாம், காத்து கசியுதாம். நம்ம வீட்டுலயே ஒரு பசைக்காரி இருக்கா, டாக்டருக்கு என்ன யோசனை?" என்றார். நீ சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாய்.

எங்கள் ஆய்வகத்தில் செய்கிற பசை ஈரத்திலும் பிடிக்க வேண்டும், இழுத்தால் கிழியக் கூடாது, புண் ஆறிய பிறகு உடம்பிலேயே கரைந்துவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், இருபது நாள் தாங்கியது. உனக்கு ஃபோன் செய்து பீற்றிக்கொண்டேனே, அது அன்றைக்குத்தான். அப்புறம் ஆடுகளின் நுரையீரலில் ஒட்டினோம். ஒன்பதாம் நாளே கரைந்து பிடி விட்டுப்போனது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, நுரையீரல் மூச்சு விடுகிறதே. அதைக்கூட யோசிக்காத மூளை எனக்கு. அத்தானுக்கு ஓட்டை ஆற இரண்டு வாரமாவது ஆகும் என்கிறார் டாக்டர்.

"பையைக் கீழ வச்சிட்டு உக்காரேன்டி, யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்று இரண்டு முறை சொன்னாய். அந்தப் பைக்குள் ஐஸ் வைத்த டப்பாவில் இரண்டு சிரிஞ்சு நிறையப் பசை இருந்தது. ஆய்வகத்தில் யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன்.

நீ வாய்விட்டுக் கேட்டிருந்தால் டாக்டர் கையில் கொடுத்திருப்பேன், அக்கா. கேட்டுவிடுவாயோ என்றுதான் அரை மணியில் எழுந்து ஓடினேன்.

உன்
பசைக்காரி