இரண்டு கூவலோடு அடங்கும் சேவல்

சார்,

இன்குபேட்டரைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஓட்டை உடைத்து வந்த ஈரக் குஞ்சுகளின் வெதுவெதுப்பான கவிச்சி. மூக்கைப் பொத்திக்கொண்டே குனிந்து பார்ப்பீர்களே, அது நினைவுக்கு வந்துவிட்டது. காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கூண்டுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். தட்டில் வைத்த இட்லி அப்படியே காய்ந்து கிடக்கிறது. அடுத்த வாரம் கால்நடைத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். நம் கோழியைத் தனி இனம் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய வருகிறார்கள். இந்த நேரம் பார்த்தா நீங்கள் போக வேண்டும்?

அண்ணனூர் மின்சார ரயில் கார்ஷெட்டுக்குப் பின்னால் என் அப்பா விற்ற நிலத்தில் எழும்பியது உங்கள் அடுக்குமாடி. மூன்றாவது மாடியில் குடிவந்த ஒரே வாரத்தில், விடிந்தும் விடியாமலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வேலியோரம் வந்து நின்றீர்கள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவு வேலை, திருநெல்வேலிப் பேச்சு, கண் இரண்டும் செக்கச்செவேல். "அண்ணாச்சி, ஒண்ணு உங்க சேவல் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றீர்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சேவல்னா கூவத்தான் சார் செய்யும், தாலாட்டா பாடும்?" என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. எல்லாம் மோசமில்லை, கடைசிக் கூண்டில் இருப்பதுதான் ஓயாமல் கத்துகிறது, வேப்பமரத்தடியில் இருப்பது இரண்டு முறை கூவிவிட்டு அடங்கிவிடுகிறது என்று பாவமாகச் சொன்னீர்கள். நான் பிறந்ததிலிருந்து கோழிச் சத்தத்தில் வளர்ந்தவன். மின்சார ரயில் போல அதுவும் என் காதில் ஏறுவதே இல்லை. என் சேவல்களைக் குரலை வைத்துப் பிரித்துச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

அப்படித்தான் தொடங்கியது. அந்த வேப்பமரத்துச் சேவலோடு என் நாட்டுக்கோழிகளைச் சேர்த்தேன். அதன் பிள்ளைகள் கூவத் தொடங்கியதும், எது அடங்குகிறது, எது அடங்கவில்லை என்று மாடியிலிருந்து கேட்டுச் சொல்வீர்கள். அடங்காதது குழம்புக்குப் போகும். அடங்கியதற்கு மறுபடி ஜோடி சேர்ப்பேன். மனிதர்களுக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி இவர்கள் கோழிக்குத் தொண்டை பார்க்கிறார்கள் என்று என் வீட்டில் கேலி செய்தார்கள். வருடங்கள் ஓடின. முகப்பேர் மொட்டைமாடிகளுக்கும் ஆவடி வீடுகளுக்கும் குஞ்சுகள் போயின. அக்கம்பக்கத்தில் சண்டை மூட்டாத கோழி என்று ஜனங்கள் தேடி வந்தார்கள்.

போன முறை வந்த அதிகாரிகள் கொண்டை, கால், எடை எல்லாம் அளந்தார்கள். குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருக்கின்றன, ஒரே நிறத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். என்னிடம் ஒரு செஞ்சேவல் இருந்தது. அழகென்றால் அப்படி அழகு, ஆனால் வாய் ஓயாது. அதைச் சேர்த்தால் நிறம் சீக்கிரம் கூடிவரும் என்று எனக்கு ஆசை. "நிறத்தைப் பாத்து யாருக்கு அண்ணாச்சி தூக்கம் கெட்டுது? தொண்டையப் பாருங்க" என்று தடுத்துவிட்டீர்கள். அவர்களிடமும் விடாமல் வாதாடினீர்கள். சரி, விடியற்காலையில் வந்து காதாலேயே கேட்கிறோம் என்று அவர்கள் இறங்கிவந்தார்கள். அதற்குள் உங்களுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

உங்கள் காது இல்லாமல் நான் அவர்களுக்கு என்னவென்று சொல்வேன்? போன வாரம் உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டு, விடியும் முன்பே வந்து உங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டீயைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னைப் படுத்தி எடுக்கிறது. "அவுகள உங்க சேவல் எழுப்பி ரெண்டு வருசம் இருக்கும் அண்ணாச்சி. எங்க எல்லாருக்கும் பழகிப் போச்சு. நடுராத்திரி வேல முடிஞ்சு வந்து படுத்தாலும் அவுக நாலு மணிக்கு அலாரம் வச்சுல்லா எந்திச்சுக் கேப்பாக."

உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஏன் சார் சொல்லவில்லை? அடங்கியது சேவலா, உங்கள் காதா? அன்றைக்கும் சேவல்கள் கூவின. இரண்டோடு நின்ற மாதிரிதான் இருந்தது. ஆனால் என் காதை நம்பி யாரிடம் என்ன சொல்ல முடியும்? தூக்கத்துக்காகச் சண்டைக்கு வந்த மனிதர், நன்றாகத் தூங்க முடிந்த பிறகும் எனக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாரே என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

நான்காவது மாடிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஓர் இளம் ஜோடி கைக்குழந்தையோடு குடிவந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பழகாத காது. இன்று மத்தியானம் பொறுக்கமாட்டாமல் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டா படுக்கிறீர்கள் என்று கேட்டேன். காற்றுக்காகத் திறந்துதான் வைப்போம் என்றாள் அந்தப் பெண்.

"நம்ம கோழிங்க தொந்தரவா கீதுங்களாம்மா? காலைல கொயந்த முயிச்சிக்கிதா?"

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"கோழிங்களா? இங்க எங்கீங்க கோழி இருக்குது?"

கேட்ட வேகத்தில் ஒரு மாடி இறங்கி ஓடிவந்து உங்கள் காலிங்பெல்லை அழுத்திவிட்டேன். அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, இதை உங்களிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. உள்ளே உங்கள் வீட்டம்மா நடந்து வரும் சத்தம் கேட்டது. அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று அங்கேயே நின்றேன்.